டேங்குக்குப் போட்ட பூட்டு

மொட்டை மாடியில் நின்று தண்ணீர் டேங்கின் மூடியில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். பங்குனி வெயில். கறுப்பு பிளாஸ்டிக் சூடேறிக் கிடந்தது. டிரில்லிங் மிஷின் இறங்க இறங்க, ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாசனை வந்தது.

"குரங்குத் தொல்லை தாங்கல மேரிக்கா. மூடியத் தொறந்து உள்ள கைய வுடுது. ஒரு கொண்டி வச்சிப் பூட்டு போட்டுக் குடுத்துடுங்க." போனில் இப்படிச் சொல்லித்தான் மும்தாஜ் என்னை வரவழைத்திருந்தாள்.

திண்டிவனத்தில் குரங்கு இல்லாமல் இல்லை. ஆனால் குரங்குக்குப் பயந்து டேங்குக்குப் பூட்டுப் போட்டவர்களை நான் பார்த்ததில்லை. மூடி மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைப்பார்கள், அவ்வளவுதான். இருந்தாலும் குழாய் வேலைக்குப் போகிறவள் வீட்டுக்காரர்களைக் குறுக்கு விசாரணை செய்யக்கூடாது. சொன்னதைச் செய்துகொண்டிருந்தேன்.

கொண்டியை முடுக்கிக்கொண்டிருந்தபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. சபீரா அக்கா மேலே வந்தார். மும்தாஜின் வீட்டுக்காரருக்கு மூத்த சகோதரி. அதே வீட்டின் பின்பக்கத்து போர்ஷனில் இருப்பவர். காய வைத்த காலி கேன்களை எடுக்க வந்திருந்தார். எடுக்கவில்லை. நான் செய்வதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு மேரி பூட்டு?"

"குரங்கு வருதாமே அக்கா."

அவர் பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "அந்தக் குரங்கு நான்தான்."

கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை நான் கீழே வைத்துவிட்டேன்.

பினாயில் வகுப்பும் பைப்பு வகுப்பும்

சபீரா அக்காவை எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

விழுப்புரத்தில் பெண்களுக்கு இலவசத் தொழில் பயிற்சி நடந்த காலம் அது. தையல் வகுப்புக்கு இடம் கேட்டுத்தான் போனேன். இடம் நிரம்பிவிட்டது. "பிளம்பிங்கில் மட்டும் ஆள் சேரவில்லை, சேர்கிறீர்களா?" என்றார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போனால் மறுபடி செங்கல் சூளை வேலைதான். முகையூர்ப் பக்கம் பிறந்து, கரும்பு வெட்டு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குவது என்று அப்பா அம்மா கூடவே வயலில் வளர்ந்தவள் நான். நிழலில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் வேலை எதுவானாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

பைப்பு வகுப்பில் இருந்த பெண்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பக்கத்து அறையில் பினாயில், சோப்பு ஆயில் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே கூட்டம் நெரியும். அவர்கள் கலக்கும்போது வரும் நெடியில் எங்களுக்குக் கண் எரியும். எங்கள் இரும்புக் குழாயில் மரை வெட்டும் சத்தத்தில் அவர்களுக்குக் காது அடைக்கும். இரண்டு வகுப்புக்கும் பொதுவாக இருந்தது டீ நேரம் மட்டும்தான்.

அந்த டீ நேரத்தில்தான் சபீரா அக்கா பழக்கமானார். கணவர் சவூதியில் வேலை செய்யும்போதே இறந்துவிட்டார். உடலை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பிள்ளைகள் கிடையாது. கோட்டக்குப்பத்தில் அம்மா வீட்டில் முடங்கியிருந்தவரைத் தம்பி ஜாகிர்தான் திண்டிவனத்துக்கு அழைத்து வந்தார். தான் கட்டிய வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை, சமையலறை, குளியலறை கட்டி, "இது உன் வீடுக்கா" என்று சாவியைக் கொடுத்துவிட்டு குவைத்துக்கு விமானம் ஏறினார்.

"தம்பி சோறு போடுறான். இல்லேன்னு சொல்லல மேரி. ஆனா ஒரு சீப்பு வாங்கறதுன்னாக்கூட அவன் பொண்டாட்டி மூஞ்சியைப் பார்க்க வேண்டியதா இருக்குது. அது எனக்கு பேஜாரா இருக்குது" என்று ஒருநாள் சொன்னார். அதற்காகத்தான் பினாயில்.

பயிற்சி முடிந்த பிறகு அவர் நிஜமாகவே தொழிலை ஆரம்பித்துவிட்டார். பெரிய நீல டிரம்மில் கலக்கி, கேன்களில் ஊற்றி, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், மசூதி, கிளினிக் என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ப் போடுவார். எனக்கும் திண்டிவனத்தில் முதல் வேலை அவர் பிடித்துக் கொடுத்ததுதான். பைப்பு ரிப்பேருக்குப் பொம்பளை வந்திருக்கிறாளே என்று வாசலில் தயங்குகிறவர்களிடம், "அவ என்கூட படிச்சவ" என்பார். பெரிய காலேஜில் ஒன்றாகப் படித்தது போல இருக்கும் கேட்பதற்கு. மும்தாஜிடம் என் நம்பரைக் கொடுத்ததும் அவர்தான்.

அப்படிப்பட்டவருக்கு எதிராகத்தான் நான் அன்று பூட்டு மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வீட்டில் நடந்தது

மாடிச் சுவரின் நிழலில் உட்கார்ந்து அவர் சொன்னதையும், பிறகு மும்தாஜ் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு பேர் சொன்னதிலும் பொய் எதுவும் இல்லை. அதுதான் சங்கடமே.

முதலில் சபீரா அக்காவின் டிரம்மில் சரக்கு குறைய ஆரம்பித்தது. காலையில் கலக்கி வைத்துவிட்டு உள்ளே போய்ச் சமையலை முடித்துவிட்டு வந்தால், டிரம் ஒரு சாண் இறங்கியிருக்கும். தரையில் ஈரம் இல்லை. டிரம்மில் ஓட்டை இல்லை. ஒரு தடவை, இரண்டு தடவை என்று பார்த்தார். பிறகு ஒருநாள் மும்தாஜிடம், "பாத்ரூம் கழுவ வேணும்னா கேட்டு வாங்கிக்கோம்மா. கேட்டா குடுக்க மாட்டனா?" என்று சொல்லிவிட்டார்.

சொன்னவருக்கு அது சின்ன வார்த்தை. கேட்டவளுக்கு, திருடி என்று நெற்றியில் எழுதி ஒட்டினது போல.

"என் வீட்டுல இருந்துகினு என்னையே திருடின்னு சொல்றாங்க மேரிக்கா" என்று மும்தாஜ் என்னிடம் சொன்னாள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. நடுவில் இருந்த கதவைத் தாழ் போட்டாகிவிட்டது.

இது நடந்து கொஞ்ச நாளில், முன்வீட்டுக் குழாய்த் தண்ணீரில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. முனிசிபாலிட்டிக்காரர்கள் மருந்து அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று மும்தாஜ் நினைத்தாள். பிறகு ஒருநாள் காலை, அவளுடைய மகள் நஸ்ரின் விளையாடிவிட்டு ஓடி வந்தவள், குழாயைத் திறந்து கையில் ஏந்திக் குடித்துவிட்டாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. சற்று நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று மாலையே அனுப்பிவிட்டார்கள். ஆனால் குழந்தையின் வாயை முகர்ந்து பார்த்த டாக்டரம்மா, "வீட்டில் பினாயில் எதையாவது குடித்தாளா?" என்று கேட்டிருக்கிறார்.

பினாயில் என்ற அந்தச் சொல்தான் வீட்டை இரண்டாக்கியது.

வீட்டுக்கு வந்த மும்தாஜ் மாடிக்கு ஓடி டேங்கைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் லேசாக வெளுத்து, மோர்த் தண்ணீர் மாதிரி இருந்தது. அதே நெடி. மாடிப்படி இரண்டு வீட்டுக்கும் பொது. மூடிக்குப் பூட்டு இல்லை. அவள் வேறு எப்படி நினைப்பாள்? திருடி என்று சொன்னதற்குத் தான் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும், அதற்குப் பழி வாங்க நாத்தனார் தன் குழந்தை குடிக்கும் தண்ணீரிலேயே ஊற்றிவிட்டதாகவும் அவள் மனசில் கணக்கு நேராகிவிட்டது.

அன்று வீடியோ காலில் அழுதாள். ஜாகிர் அந்தப் பக்கம் முழுவதையும் கேட்டிருக்கிறார். மறுநாள் அக்காவைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்குக் கோட்டக்குப்பம் போய் இருக்கா. நான் லீவுல வந்து பேசிக்கறேன்" என்று சொன்னார். ஏன், என்ன என்று கேட்கவில்லை.

"எப்போ போறீங்கக்கா?" என்று கேட்டேன்.

"எடுத்துகினு இருக்கிற ஆர்டரு ரெண்டு பாக்கி இருக்குது. அதை முடிச்சிட்டு" என்றார். காலி கேன்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். படியில் நின்று திரும்பி, "பூட்டை நல்லா போடு. அவளுக்காவது தூக்கம் வரட்டும்" என்றார்.

டேங்கைக் கழுவி, பூட்டை மாட்டி, சாவியை மும்தாஜிடம் கொடுத்துவிட்டு நான் ரயிலைப் பிடித்தேன்.

பூட்டு பூட்டினபடி

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பாசஞ்சரில் போவது எனக்குப் பிடித்த வேலை. கருவிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால், இறங்கும்வரை யாராலும் என்னைப் பைப்புக்காரி என்று கண்டுபிடிக்க முடியாது. பிளாஸ்டிக் குழாய் கொண்டுபோகும் நாளில் மட்டும் கஷ்டம். ஒரு டிக்கெட் பரிசோதகர் ஒருமுறை, "இது என்னம்மா, தூண்டிலா?" என்று கேட்டார். "ஆமாம் சார், பெரிய மீனு" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பூட்டுப் போட்ட மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மும்தாஜிடமிருந்து போன் வந்தது. குரல் வேறு மாதிரி இருந்தது.

"மேரிக்கா, பூட்டு பூட்டினபடியே இருக்குது. சாவி என் இடுப்புலதான் இருக்குது. ஆனா தண்ணில மறுபடியும் அந்த நாத்தம் வருது. எனக்குப் பயமா இருக்குதுக்கா."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

கோபமாக இருந்தவளுக்கு இப்போது பயம் வந்திருக்கிறது. பயம் வந்தவளிடம் பேசலாம்.

"தண்ணி என்னிக்கு வுடுவாங்க?"

"நாளைக்கு விட்டு நாளன்னிக்கு. விடியும்போது."

"நான் முந்தின நாளே வந்துடறேன். அதுவரைக்கும் குழந்தைக்குக் கேன் தண்ணி குடு. வேற எதையும் தொடாத."

அன்றைய என் கவலையெல்லாம் ஒன்றுதான். சபீரா அக்காவின் ஆர்டர் முடிந்துவிடக் கூடாது. அவர் கிளம்பிப் போய்விட்டால் டிரம் கலக்குவதும் நின்றுவிடும், தண்ணீர் தானாகச் சரியாகிவிடும். அப்புறம் இந்த ஜென்மத்துக்கும் அவர்மேல் விழுந்த பழி போகாது.

விடியற்காலைத் தண்ணீர்

அந்த வீட்டின் குழாய் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்றும் சிக்கல் இல்லை.

தெருவில் போகும் முனிசிபாலிட்டி லைனிலிருந்து ஒரே ஒரு குழாய்தான் வீட்டுக்குள் வருகிறது. காம்பவுண்டு தாண்டியதும் அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று முன்வீட்டு மாடி டேங்குக்கு ஏறுகிறது. இன்னொன்று பின்பக்கம் போய், சபீரா அக்காவின் வாசல் குழாயில் முடிகிறது. பழைய இணைப்பு. யார் பார்த்தாலும் குறை சொல்ல மாட்டார்கள்.

புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று. ஒரு மோட்டார். வெயில் தொடங்கியதும் தண்ணீர் தானாக மாடிக்கு ஏறவில்லை என்று, யாரோ ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து டேங்குக்கு ஏறும் லைனிலேயே நேராக மோட்டார் மாட்டியிருந்தாள் மும்தாஜ். அப்படி மாட்டக்கூடாது என்பது ஊருக்கே தெரியும். ஊரே மாட்டியிருக்கிறது.

"இதை எப்போ போட்ட?"

"மாசி மாசம் இருக்கும்க்கா."

"அக்கா டிரம்முல சரக்கு குறையுதுன்னு எப்போ சொன்னாங்க?"

மும்தாஜ் யோசித்தாள். "அதுக்கப்புறம்தான்க்கா" என்றாள்.

விடியற்காலை, தெருவில் குடங்கள் உருளும் சத்தம் கேட்டபோதே நான் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். சபீரா அக்கா தொழுகையை முடித்துவிட்டு டிரம்முக்கு வந்திருந்தார். அறையின் வாசலில் ஜிப் போட்ட பெரிய பை ஒன்று தயாராக இருந்தது. அன்று அவருக்குக் கடைசி ஆர்டர்.

எப்போதும் செய்வதுபோலச் செய்யச் சொன்னேன். பினாயில் எண்ணெயை முதலில் டிரம்மில் ஊற்றினார். குழாயில் ஹோஸைச் சொருகி, அதன் மறுமுனையை டிரம்மின் அடி வரைக்கும் இறக்கினார். "மேலேருந்து ஊத்தினா நுரை தள்ளும் மேரி. அடியில விட்டா நல்லா கலந்துக்கும். ஹோஸை அப்படியே வுட்டுட்டுத்தான் சமைக்கப் போவேன்." தண்ணீர் உள்ளே பாயப் பாய, டிரம் பால் மாதிரி வெளுத்துப் பொங்கி ஏறியது.

முக்கால்வாசி நிரம்பியபோது நான் முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தேன்: "மும்தாஜ், மோட்டரைப் போடு!"

முன்னால் மோட்டார் உறுமியது.

ஹோஸில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரின் சத்தம் நின்றது. ஹோஸ் ஒரு தடவை சிலிர்த்தது. பிறகு டிரம்முக்குள்ளிருந்து, குழந்தை பால் உறிஞ்சும் மாதிரி ஒரு சத்தம் வந்தது. டிரம்மின் உள்சுவரில் வெள்ளைக் கோடு விட்டுவிட்டு, பினாயில் மெல்ல இறங்க ஆரம்பித்தது.

சபீரா அக்கா இரண்டு கையாலும் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண் அசையவில்லை.

"இன்னா மேரி இது... உள்ள போவுது?"

"உள்ள இல்லக்கா. திரும்பி அங்க போவுது."

நான் கத்தி மும்தாஜை அழைத்தேன். அவள் நடுக்கதவின் தாழைத் திறந்துகொண்டு வந்தாள். வந்து நின்றாள். டிரம்மைப் பார்த்தாள், ஹோஸைப் பார்த்தாள். முன்னால் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கண் முன்னாலேயே டிரம் இன்னும் ஒரு விரல்கடை இறங்கியது.

யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திருடியதும் ஊற்றியதும் அந்த மோட்டார்தான்.

மும்தாஜ் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினாள். திரும்பி வந்தவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சபீரா அக்கா அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து ஹோஸைக் குழாயிலிருந்து பிடுங்கினார்.

"எந்திரி. பாவாடை நனையுது" என்றார்.

ஊதிப் பார்த்த வால்வு

தண்ணீர் எப்போதும் முன்னால்தான் போகும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குழாய்க்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. எந்தப் பக்கம் இழுவை அதிகமோ அந்தப் பக்கம் போகும். தெருவில் தண்ணீர் மந்தமாக வரும்போது மோட்டார் போட்டு இழுத்தால், வர வேண்டிய தண்ணீர் போதாமல், பக்கத்துக் குழாயில் என்ன கிடைக்கிறதோ அதையும் சேர்த்து இழுக்கும். அங்கே ஒரு ஹோஸ் பினாயிலில் முங்கிக் கிடந்தால் பினாயில். மாட்டுத் தொட்டியில் கிடந்தால் கழுநீர்.

மோட்டாரே இல்லாவிட்டாலும் தெருவில் தண்ணீர் நிற்கும்போது, லைன் காலியாகும் வேகத்தில் இப்படி நடப்பது உண்டு. பலர் வீட்டில் நடக்கிறது. நிறமும் நாற்றமும் இல்லாததால் தெரிவதில்லை.

இதைத் தடுக்க இருப்பதுதான் நான்-ரிட்டர்ன் வால்வு. கடைக்காரர்கள் என்.ஆர்.வி. என்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் பித்தளைத் துண்டு. உள்ளே ஒரு சின்னக் கதவு. தண்ணீர் வரும் திசையில் தள்ளினால் திறக்கும். திரும்பி வரப் பார்த்தால் அந்தத் தண்ணீரே கதவை அடைத்துவிடும். வெளியே ஒரு அம்புக்குறி போட்டிருக்கும். அந்த அம்பு தண்ணீர் போகவேண்டிய பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

கடை திறந்ததும் போய் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சபீரா அக்கா ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இதுவா தடுக்கப்போவுது?"

"அம்புக்குப் பின்னாடி வாய வச்சி ஊதுங்கக்கா."

ஊதினார். காற்று அந்தப் பக்கம் போனது. "இப்போ திருப்பி ஊதுங்க." திருப்பி ஊதினார். உள்ளே 'டக்' என்றது. கன்னம் உப்பியதே தவிர, காற்று போகவில்லை. இன்னொரு தடவை ஊதினார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, வால்வைப் பக்கத்தில் நின்ற மும்தாஜிடம் நீட்டினார். அவளும் வாங்கி ஊதினாள்.

பேச்சு நின்ற பிறகு அவர்கள் இருவருக்கும் நடந்த முதல் கொடுக்கல் வாங்கல் அது.

பின்பக்கம் போகும் குழாயை அறுத்து ஒரு வால்வையும், முன்பக்கக் குழாயில் ஒன்றையும் போட்டேன். தெருவில் தண்ணீர் நிற்பதற்குள் மோட்டாரைப் போட்டுப் பார்த்தோம். ஹோஸை மறுபடி டிரம்மில் இறக்கி, கரியால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தேன். பினாயில் கோட்டை விட்டு இறங்கவில்லை.

ஆனாலும் இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வால்வுக்குள் மண்ணோ பாசியோ சேர்ந்தால் கதவு சரியாக மூடாது. அதனால் வால்வை மட்டும் நம்பக்கூடாது. நுரை தள்ளினால் தள்ளட்டும், ஹோஸ் முனை டிரம்முக்கு மேலேயே தொங்க வேண்டும். மும்தாஜிடம், லைனில் மோட்டார் வேண்டாம், தரையில் ஒரு தொட்டி கட்டி, அதில் விழும் தண்ணீரை மேலே ஏற்று என்றேன். "இந்த மோட்டரு உங்க அக்கா டிரம்மை மட்டுமா இழுக்கும்? தெருவுல எவன் வீட்டுப் பக்கெட்டையும் இழுக்கும்" என்றேன். கோடை முடிவதற்குள் தொட்டி கட்டிவிட்டாள்.

அன்றே டேங்கைக் கழுவி, குழாய்களில் நல்ல தண்ணீர் ஓடவிட்டு, நெடி போகும்வரை காத்திருந்தேன். கொண்டியில் தொங்கிய பூட்டை மும்தாஜ் தானே கழற்றினாள்.

கூடப் பிறந்தவன்

மதியம் ஜாகிர் வீடியோ காலில் வந்தார். மும்தாஜ் அழுதுகொண்டே சொன்னதில் பாதி புரியாமல், என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

"மேரிக்கா, நிச்சயமா தெரியுமா?"

"கண்ணால பார்த்துட்டுச் சொல்றேன் தம்பி. உங்க வீட்டம்மாவும் பார்த்தாங்க."

"அக்காகிட்ட குடுங்க" என்றார்.

நான் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். சபீரா அக்கா கேன்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். தம்பியின் முகம் திரையில் தெரிவதைப் பார்த்தார். "வேலை இருக்குதுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த கேனை இழுத்துக்கொண்டார். அது ஜாகிருக்கும் கேட்டிருக்கும்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. பழியைச் சொன்னவள் மும்தாஜ். அவளுக்கு அன்று மதியம் இவர்தான் சோறு போட்டார். மடியில் வந்து ஏறிக்கொண்டு, "மாமி, இனிமே உங்க வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்ட நஸ்ரினுக்கு மீன் முள் எடுத்து ஊட்டினார். தம்பியிடம் மட்டும் பேச மாட்டேன் என்கிறார்.

ஸ்டேஷனுக்கு என்னை ஆட்டோ ஏற்றிவிட வந்தபோது கேட்டே விட்டேன்.

"அவ பெத்தவ மேரி" என்றார். "புள்ள வாந்தி எடுத்தா பெத்தவளுக்கு ஊரே எதிரிதான். நானே அவ எடத்துல இருந்தா அப்படித்தான் நினைச்சிருப்பேன். அதுக்கு முன்னாடி நானும் அவளைத் திருடின்னு நினைச்சவதானே. இவன் அப்படியா? எங்கம்மா வேலைக்குப் போகும்போது இவனை இடுப்புல வச்சிகினு வளர்த்தவ நான். நான் செய்வனா செய்ய மாட்டனான்னு இவனுக்குத் தெரியாதா? 'ஏங்கா, இப்படிச் சொல்றாங்களே, நிஜமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். பைய எடுத்துகினு போன்னு சொல்லிட்டான்."

ஆட்டோ வந்தது.

அவர் கோட்டக்குப்பம் போகவில்லை. பையில் இருந்த துணியை எடுத்து மறுபடி கொடியில் போட்டுவிட்டார் என்று மும்தாஜ் சொன்னாள். ஜாகிர் தினமும் கூப்பிடுவார். இவர் எடுக்க மாட்டார். பணம் அனுப்பினால் மும்தாஜிடமே கொடுத்துவிடுவார். கோடை போய், மழை வந்து, அதுவும் முடிந்தது.

பிறகு ஜாகிர் விடுமுறையில் வந்தார். அந்த நாளை மும்தாஜ் எனக்குப் போனில் சொன்னாள். விமான நிலையத்திலிருந்து வந்தவர், முன்வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்பக்கம் போனார். சபீரா அக்கா டிரம்மைக் கலக்கிக்கொண்டிருந்தார். "அக்கா" என்றார். இவர் நிமிரவில்லை. அவர் அங்கேயே நின்றார். ரொம்ப நேரம் நின்றார். கடைசியில் இவர், "மண்டபத்துல கேன் இறக்கணும், ஆட்டோக்காரன் வரல" என்று மட்டும் சொன்னார். அவர் பயணத்துக்குப் போட்டிருந்த பேண்ட் சட்டையோடு இரண்டு கைகளிலும் கேனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்.

அதற்கப்புறம் லீவு முழுக்க அதுதான் வேலை. "குவைத்துலேருந்து வந்தவரு பினாயில் வித்துகினு இருக்கார்னு தெருவுல சிரிக்கிறாங்கக்கா" என்றாள் மும்தாஜ். அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நானும் ஒருநாள் அவர்களைப் பார்த்தேன். வேலை முடிந்து பஸ்ஸில் விழுப்புரம் திரும்பிக்கொண்டிருந்தேன். திண்டிவனம் கடைவீதியில் நெரிசல். பஸ் நின்று நின்று நகர்ந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒரு பாத்திரக் கடை வாசலில் சபீரா அக்கா கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். ஏதோ பேரம் போல. சரக்கின் தரத்தைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜாகிர், தோளில் ஒன்று கையில் ஒன்று என்று கேன்களோடு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணில் இறங்குகிறது. துடைக்கக் கை காலி இல்லை.

சபீரா அக்கா பேச்சை நிறுத்தவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை. கடைக்காரரிடம் பேசிக்கொண்டே, முந்தானையை எடுத்துத் தம்பியின் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துவிட்டார்.